வேர்க்குதா, கசியுதா

'சரியாயிட்டு' என்கிற ஒரே ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க ஏழெட்டு மாதம் நாயாய் அலைந்திருக்கிறேன். எந்த மெக்கானிக்கும் வண்டிச் சாவியைத் திருப்பித் தரும்போது கேட்காமலே சொல்லுகிற வார்த்தை அது. பொய்யாகவாவது சொல்லுவான். இவர் சொல்ல மாட்டார். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு என் காரையே பார்த்தபடி நிற்பார். நானும் விட மாட்டேன்.

"காக்கா, சரியாயிட்டா?"

"இன்னைக்கு ஒழுகல, டீச்சர்."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு வந்து காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவருக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். வளைகுடாவில் ஏதோ ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருடம் ஸ்டியரிங் வேலை மட்டுமே பார்த்துவிட்டு, திரும்பி வந்து எங்கள் ஊர் ஓரத்து மாப்பிள்ளையூரணியில் தகர ஷெட் ஒன்று போட்டிருந்தார். முதல் நாள் நான் எல்லோரையும் போல "பாய்" என்றுதான் கூப்பிட்டேன். "எங்க ஊர்ல அண்ணனக் காக்காம்போம். அப்பிடியே கூப்பிடுங்களேன்" என்றார். என்னைவிட இரண்டு வயதாவது இளையவராகத்தான் இருப்பார். இருந்தாலும் அன்றிலிருந்து எனக்கு அவர் காக்கா. இப்போது மறுபடியும் வளைகுடாவுக்கே போய்விட்டார். ஷெட் இருந்த இடத்தில் தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது.

ஒரு காரில் எண்ணெய் ஒழுகுவதற்கு இந்தப் பொம்பளை ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறாள் என்று தோன்றலாம். காரணம் என் இடது கை. மார்பில் கட்டி வந்து, அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அதிகம் இழுத்துப் பிடிக்கக்கூடாது. மீறினால் வீங்கி, வளையல் கழற்ற முடியாதபடி ஆகிவிடும். என் பள்ளிக்கூடமோ எட்டயபுரம் பக்கம். தினமும் காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே கை வலிக்கும். வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே யாரையாவது கேட்டால்தான் தெரியும். ஆக, எனக்கு அந்தப் பழைய கார்தான் கதி. அதில் பவர் ஸ்டியரிங் இருந்ததால்தான் நான் மறுபடி வேலைக்கே போனேன். எண்ணெய் இருக்கும்வரை அதை ஒரு விரலால் திருப்பலாம். எண்ணெய் போனால் அது ஆட்டுக்கல்.

அப்படிப்பட்ட காருக்குக் கீழே ஒரு நாள், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், காலணா அகலத்துக்குச் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தது. சிவப்பு எண்ணெய் பவர் ஸ்டியரிங்குடையது என்று பிறகுதான் தெரியும். ஒரு தடவை உடம்பில் வேண்டாத ஒன்றைத் தடவிக் கண்டுபிடித்தவளுக்கு அதற்கப்புறம் எந்தப் புதுப் புள்ளியும் சாதாரணப் புள்ளியாகத் தெரியாது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் "ஆயில் கொறஞ்சிருக்கு மேடம், ஊத்தியாச்சு, சரியாயிட்டு" என்றார்கள். பத்து நாளில் வளைவுகளில் திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து குழந்தை சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பிலும் ஊற்றினார்கள். அங்கேயும் சரியாயிட்டு. மூன்றாவதாகத்தான் காக்காவின் ஷெட்டுக்குப் போனேன்.

அவர் ஊற்ற மாட்டேன் என்றார்.

"கொறஞ்சிருக்குதுல்லா? ஊத்துங்களேன்" என்றேன்.

"ஊத்துனா உங்களுக்கு மனசு அடங்கிரும். எங்கன போவுதுன்னு யாரும் தேட மாட்டாங்க. மொதல்ல எங்கனன்னு பாக்கணும்."

அவர் பார்க்கிற முறை ஒரு சடங்கு. இன்ஜினின் அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்துவார். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து, எண்ணெய் போகிற குழாய், பம்பு, மூட்டு எல்லாவற்றின் மேலும் தூவுவார். கார் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி வெள்ளையாக நிற்கும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து, என்னை உள்ளே உட்கார்த்தி, இன்ஜினை ஓட விட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பச் சொல்லுவார். கோடியில் போய் அழுத்திப் பிடித்தால் "ஏ, விடுங்க விடுங்க, பைப்பு தாங்காது" என்று கீழேயிருந்து சத்தம் வரும். பவுடரில் எந்த இடம் முதலில் நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. அவர் மாதத்துக்கு ஐந்தாறு டப்பா பவுடர் வாங்குவதைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடை அண்ணாச்சி "காக்காவுக்கு எத்தன பொம்பளப் பிள்ளைய?" என்று கேட்டாராம்.

அன்று எண்ணெய் திரும்பி வருகிற ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போதுதான் அவருடைய நாலு வார்த்தைகளை முதன்முதலில் கேட்டேன். வேர்க்குது, கசியுது, சொட்டுது, ஒழுகுது. வேர்க்குது என்றால் தொட்டால் விரல் பளபளக்கும், அவ்வளவுதான். கசிகிறது என்றால் பவுடரில் கோடு விழும். சொட்டுவதும் ஒழுகுவதும் நமக்கே தெரியும். எந்த வண்டியையும் இந்த நாலில் ஒன்றாகத்தான் அவர் பார்ப்பார். ஐந்தாவதாக 'நல்லாருக்கு' என்று ஒன்று அவரிடம் கிடையாது.

இதனால் வாடிக்கையாளர்களிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. ஒரு தடவை நான் இருக்கும்போதே மீன் ஏற்றுகிற வேன்காரர் ஒருவர் கையை வீசிக் கத்தினார். "ஆலந்தலைல இருந்து வாரேன், பாரம் ஏத்திட்டு அவ்வளவு தூரம் திரும்பணும். ஒரு வார்த்த சரியாயிட்டுன்னு சொன்னா வாய்ல இருந்து முத்தா உதுந்துரும்?" காக்கா கோபப்படவில்லை. "போற வழில திருச்செந்தூர்ல நிறுத்தி அடில ஒரு அட்டையப் போட்டுப் பாத்துக்கிடுங்க" என்றார். வேன்காரர் அவரையும் அட்டையையும் சேர்த்து வைதுகொண்டே போனார். ஆனால் அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டிலும் அவர் இப்படித்தான் போலிருக்கிறது. மனைவியிடமிருந்து போன் வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு வருவீர்களா என்று கேட்பார்கள் என நினைக்கிறேன். "ஷெட்டப் பூட்டிட்டுச் சொல்லுதேன்" என்பார். அந்தப் பக்கம் குரல் உயரும். "பூட்டாம எப்பிடிச் சொல்ல?" என்பார் இவர். எனக்கு அந்த முகம் தெரியாத பெண்மீது இரக்கமாக இருக்கும்.

நிற்கிற வண்டி எதைப் பார்த்தாலும் அடியில் குனிந்து பார்ப்பது அவருக்கு வியாதி. மார்க்கெட் பக்கம் ஒரு நாள் யாருடைய காருக்கோ கீழே இவர் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருக்க, காருக்குச் சொந்தக்காரர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் ஓடிப்போய், இவர் திருடர் இல்லை, மெக்கானிக் என்று விளக்கி மீட்டேன். மானம் போன இடத்திலும் அந்த ஆளிடம், "பம்புக்குக் கீழ கசியுது அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

"ஏன் காக்கா, ஒரு ஆறுதலுக்காவது சொல்லலாம்லா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"சரியாயிட்டுன்னு வாய் சொல்லிட்டா, அதுக்குப் பெறகு கண்ணு பாக்காது டீச்சர். எனக்கு மட்டுமில்ல. உங்களுக்கும்தான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்கு ஸ்கேனுக்குப் போகிறேன். அங்கே டாக்டரும் இதே பாட்டுதான். "இந்தத் தடவை ஒண்ணும் தெரியலை. அடுத்த தடவை பாக்கலாம்." குணமாகிவிட்டது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊரெல்லாம் வாய்க்கு வந்தபடி வாக்குக் கொடுக்கிற காலத்தில் எனக்கென்று வாய்த்த இரண்டு பேரும் இப்படி ஊமையாக இருக்கிறார்களே என்று ராத்திரியெல்லாம் ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

ஐப்பசியில், கடலிலிருந்து ஈரத்தோடு வீசுகிற கொண்டல் காற்று ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அந்தக் காற்றுக்கு எல்லாமே வேர்க்கும். ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டி, இரும்புக் கட்டில், எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். உப்பளக் காற்றில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். நான் வேதியியல் டீச்சர். எந்த உப்பு எவ்வளவு ஈரம் இழுக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள். காக்காவுக்கு இந்தக் காற்று ஆகவே ஆகாது. "அங்க பாலைவனத்துல ஈரம்னு ஒண்ணு கண்டா அது எண்ணெதான். இங்கன எல்லாமே ஈரம். எத நம்ப?" என்று தலையைச் சொறிவார்.

அந்தச் சமயத்தில்தான் என் காரில் எண்ணெய் மறுபடி ஒரு நூல் அளவு குறைந்தது. ஒரே ஒரு நூல். சத்தம் இல்லை, அட்டையில் சொட்டு இல்லை. அவர் கழுவினார், பவுடர் தூவினார், திருப்பச் சொன்னார். அந்தக் காற்றில் பவுடர் தூவிய கொஞ்ச நேரத்திலேயே எல்லா இடமும் ஈரமாகி, எது கசிவு, எது காற்று என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாவது நாளும் வைக்கச் சொன்னார். "எங்கயோ போவுது, டீச்சர். எங்கனன்னுதான் தெரியல" என்றார்.

அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். ஸ்கேனுக்கு முந்தின வாரம் நான் மனுஷியாகவே இருக்க மாட்டேன். சோறு இறங்காது, பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டால் என் பெயர் எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கும். அந்த வாரத்தில் காரையும் பிடித்து வைத்துக்கொண்டால் எப்படி? அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, பஸ்ஸில் நசுங்கி, வீங்கின கையோடு நேரே ஷெட்டுக்குப் போனேன்.

அவர் என்னைக் கூப்பிட்டு அடியில் ஒரு இடத்தைக் காட்டினார். பம்பிலிருந்து போகிற இரும்புக் குழாயை ஒரு பட்டை சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. அந்தப் பட்டையைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்து, அதன்மேல் ஈரம் மினுமினுத்தது. சாலையில் உப்பு லாரிகள் சிந்துகிற தண்ணீர் அடித்து அடித்துப் பூத்த உப்பு. அவர் விரலால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

நான் அந்த விரலிலிருந்து கொஞ்சம் வழித்து என் நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். உப்பளம் பக்கம் பிறந்தவர்களுக்கு ஈரத்தைக் கண்டால் கை நாக்குக்குப் போய்விடும். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று வருடம் பூராவும் பிள்ளைகளிடம் கத்துகிறவள் செய்த காரியம் இது.

"உப்பு காக்கா! வெறும் உப்பு வேர்வை! என் வீட்டு ஜன்னல் கம்பிலயும் இதுதான்" என்றேன்.

அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பாத்தான் இருக்கு" என்றார் அரைமனதாக. "இருந்தாலும் பட்டையக் கழத்திப் பாத்துட்டா..."

எனக்கு அந்த ஆவேசம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அதுவரை அவரிடம் சொல்லாததையெல்லாம் சொல்லிவிட்டேன். கட்டி, அறுவை, ஸ்கேன், டாக்டர், எல்லாம். புடவைத் தலைப்பை விலக்கி வீங்கின கையை அவர் முன்னால் நீட்டினேன். "இதப் பாருங்க. இந்தக் கைய வச்சுக்கிட்டு நாளைக்கும் என்னால பஸ்ல தொங்க முடியாது. அந்த டாக்டரும் சொல்ல மாட்டேங்காரு, நீங்களும் சொல்ல மாட்டேங்குதிய. யாராவது ஒருத்தர் ஒண்ணுமில்லன்னு சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவ!"

ஷெட்டில் அவரும் நானும்தான் இருந்தோம். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பழந்துணியை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத கையைத் துடைத்தார்.

"ஒண்ணும் இல்ல, டீச்சர்" என்றார். "உப்புதான். எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் ஆவாது."

அன்று வீடு வந்து சேரும்வரை நான் பாடிக்கொண்டே வந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கிப்போனேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படித் தூங்கினேன் என்று கணக்கில்லை. அவர் சொன்னது சரிதான். வாய் சொன்ன பிறகு என் கண் பார்க்கவில்லை. தினமும் காலையில் காருக்கடியில் குனிகிறவள் அடுத்த மூன்று நாளும் குனியவே இல்லை.

நாலாவது நாள் காலை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளங்களில் நின்ற தண்ணீரில் கார் சளசளவென்று போனது. பெரிய சாலையைக் குறுக்கே தாண்டி வலது பக்கம் திரும்புகிற இடம். பாதி திரும்பியிருப்பேன். முன்னால் பம்பு அலறியது, உடனே ஸ்டியரிங் என் கைக்குள் இறுகிவிட்டது. இழுத்தேன். அசையவில்லை. இடது தோளில் கிழிகிற மாதிரி ஒரு வலி. கார் பாதி சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. இடது பக்கக் கண்ணாடி முழுக்க ஒரு உப்பு லாரியின் முகம். பிரேக் கிறீச்சிட்டது காதில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரியின் பம்பருக்கும் காரின் இடது கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் கஷ்டப்பட்டு நுழையலாம்.

"ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று டிரைவர் கத்திக்கொண்டே குதித்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "இறங்கும்மா, இறங்கு. இங்கன நிழல்ல உக்காரு." அவரும் டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள். காருக்குப் பின்னால் ஈரச் சாலையில் சிவப்பாக ஒரு கோடு நீண்டு கிடந்தது.

போன் செய்த கொஞ்ச நேரத்தில் காக்கா வந்துவிட்டார். என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சகதியென்றும் பாராமல் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது உள்ளங்கையில் அந்தப் பட்டையும், அதிலிருந்து உடைத்த ஒரு துண்டு உப்பும் இருந்தன. வெளிப்பக்கம் வெள்ளை. உள்பக்கம் இளஞ்சிவப்பு.

"பட்டைக்குள்ள பைப்ப உப்பு அரிச்சிருக்கு" என்றார். "ஊசித் தொளைதான். வந்த எண்ணெய இந்த உப்பே குடிச்சுக்கிட்டு நின்னுருக்கு. அதான் சொட்டல. இன்னைக்கு மழத் தண்ணில உப்பு கரஞ்சிருச்சு, பைப்பு விட்டுருச்சு." பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு ரெண்டு ஆணி கழத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பைப்பப் பாக்கல டீச்சர். உங்க கையப் பாத்துட்டேன்."

நான் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. கழுத்தைப் பிடித்து அந்த வார்த்தையை வாங்கினவள் நான். பொய் சொன்னவர் என்று அவரையே திட்டினேன். நம்பி உயிரைக் கொடுத்தேனே என்றேன். லாரி டிரைவர்கூட "விடும்மா" என்றார். காக்கா காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

குழாயை மாற்றியாயிற்று என்று இரண்டாம் நாளே செய்தி வந்தது. நான் போகவில்லை. பஸ்ஸில் போனேன், கை வீங்கியது, மாத்திரை போட்டேன், மறுநாளும் பஸ்ஸில் போனேன். ஸ்கேனுக்கும் பஸ்ஸிலேயே மதுரை போய்வந்தேன். டாக்டர் "இந்தத் தடவை ஒண்ணும் தெரியலை" என்றார். வீட்டுக்காரர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்து, காரை விற்றுவிடலாம், வேலையையும் விட்டுவிடேன் என்றார். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். ஸ்டியரிங்கை நினைத்தாலே லாரியின் முகம் கதவில் வந்து நின்றது. குழாய் புதியது என்பதும் வேறு யாராவது ஓட்டலாம் என்பதும் தெரியும். என்னால் அதில் உட்கார முடியாது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதி மேசையில் வைத்திருந்தேன்.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் என் கார் வந்து நின்றது. காக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. கிட்டப் போனதும்தான் பார்த்தேன். அவருடைய இடது மணிக்கட்டில் பழைய டியூப் ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையை சீட்டுக்கடியில் கட்டியிருந்தார். கை கியருக்கு எட்டும். ஸ்டியரிங்குக்கு எட்டாது.

"என்ன காக்கா இது?"

"பம்போட பெல்ட்டக் கழத்தி வச்சிட்டேன். இப்பம் இதுல பவர் கெடையாது. எண்ணெ பூரா போனா எப்பிடி இருக்குமோ அப்பிடித்தான் இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "குழா மாத்திருக்கேன். ஆனா சரியாயிட்டுன்னு சொல்ல மாட்டேன். திருப்பியும் போவலாம். போனா ஒத்தக் கையால முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியல. அதான் பொறவழியா மெதுவா ஓட்டிப் பாத்துட்டு வாரேன். நின்ன எடத்துல திருப்ப முடியல. உருள விட்டுத் திருப்புனா முடியுது. அத மட்டும் சொல்லுதேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் ரப்பரை அவிழ்த்து இறங்கிவிட்டார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

உப்பளத்துக்குப் போகிற வழியில் லாரிகளை நிறுத்துகிற ஒரு பெரிய பொட்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியும் இல்லை. அங்கே கொண்டுபோய் என்னை ஸ்டியரிங்கில் உட்கார்த்தினார். இரண்டு தடவை இன்ஜின் நின்றது. அவர் கார் ஓரமாகவே நடந்து வந்தார்.

"மொதல்ல உருளட்டும். உருண்ட பெறகு திருப்புங்க. வலது கையால தள்ளுங்க, இடது கை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கட்டும். முடியலன்னா திருப்ப வேண்டாம், நேரா விட்டு பிரேக்க அமுக்குங்க."

தள்ளினேன். ஆட்டுக்கல்தான், சந்தேகமில்லை. ஆனால் சக்கரம் உருள உருள அது கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. பொட்டலின் விளிம்பு வலது பக்கமாகத் திரும்பி வந்தது. தோள் வலித்தது, கிழியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது.

"இப்பம் எடது பக்கம்" என்றார்.

அந்தப் பக்கம்தான் எனக்குப் பயம். உருள விட்டேன். வலது கையால் தள்ளி, நழுவி, மறுபடி பிடித்துத் தள்ளினேன். கார் முக்கி முனகி இடது பக்கம் வளைந்து, முழு வட்டம் போட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்தது.

"வருதா, டீச்சர்?" என்றார். அவருடைய குரல் சரியாக இல்லை.

"வருது காக்கா" என்றேன்.

அவர் அப்படியே அந்தப் பொட்டலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பழந்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய இரண்டு தோளும் குலுங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இந்த ஒன்பது நாளும் என்னைவிட அதிகமாகப் பயந்துகிடந்தது அவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒண்ணுமில்லை காக்கா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. துணியை எடுத்ததும் அவர் பார்க்கட்டும் என்று, இடது பக்கமாகவே இன்னொரு சுற்று சுற்றினேன்.